படித்து முடித்தாயிற்று, இனி விதை எதற்கு?

பயறு வகைப் பயிர்களின் ஜீனோம், அதாவது ஒரு செடியின் மொத்த டி.என்.ஏ. எழுத்து வரிசை, பற்றி ஒரு கூட்டத்தில் பேசி முடித்த கையோடு கேள்வி நேரம் தொடங்கியது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கினார். கணினித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. "தம்பி, எனக்கு ஒண்ணு புரியல. இத்தனை ஆயிரம் செடியோட ஜீனோமையும் படிச்சு சர்வர்ல ஏத்தியாச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் அந்த விதைகளை மைனஸ் 18 டிகிரில வெச்சு எதுக்குக் காவல் காக்கணும்? வருஷா வருஷம் கரண்ட் பில்தானே மிச்சம்?" எல்லோரும் சொல்லும் பதிலையே நானும் சொன்னேன்: "ஐயா, சர்வர்ல இருக்கிற எழுத்தை மண்ணுல போட்டா முளைக்காதே." அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு முளைக்காது, சரி. நாளைக்கு?" என்றார். அதற்குள் மைக் வேறு கைக்குப் போய்விட்டது.

அந்த "நாளைக்கு?" என்னை விட்டுப் போகவில்லை. நான் சொன்ன பதில் ஒரு தொழில்நுட்பத்தின் இயலாமையை நம்பி நின்ற பதில். இந்தத் துறையில் இயலாமைகளுக்கு ஆயுள் குறைவு. சோயாவின் ஜீனோம் 2010-இல் வெளியானபோது அதன் பின்னால் ஒரு பெரிய கூட்டமே உழைத்திருந்தது. இன்று ஓர் ஆராய்ச்சி மாணவர் ஆய்வேட்டின் ஒரே ஓர் அத்தியாயத்துக்காக நூறு ரகங்களைப் படிக்கக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறார். எழுத்துகளைக் கோத்து டி.என்.ஏ.வை உருவாக்கவும் முடிகிறது. பாக்டீரியாவுக்குச் செய்தாயிற்று, ஈஸ்ட் குரோமோசோம்களுக்கும் செய்திருக்கிறார்கள். நூறு கோடி எழுத்துகள் கொண்ட ஒரு செடியை அப்படிச் செய்வது இப்போதைக்கு எட்டாத தூரம்தான். ஆனால் தூரத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்வது பதிலாகுமா? அந்தக் கருவி நாளைக் காலையே கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் தாக்குப்பிடிக்கும் பதில் ஒன்று வேண்டும். அதைத் தேடித்தான் இத்தனை நாள் அலைந்தேன்.

எந்தச் செடியின் ஜீனோம்?

துவரையின் ஜீனோமைப் படித்துவிட்டார்கள் என்று 2011-இல் செய்தி வந்தது. படித்தது 'ஆஷா' என்ற ஒரே ரகத்தை. வாடல் நோயையும் மலட்டுத் தேமல் நோயையும் தாங்கக்கூடிய நல்ல ரகம். அதன் ஜீனோம் ஏறக்குறைய 83.3 கோடி எழுத்துகள் என்று கணக்கிட்டார்கள். கோத்து முடிக்க முடிந்தது ஏறக்குறைய 60.6 கோடி. அதில் 48,680 மரபணுக்கள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். விடுபட்ட கால்பங்குக்கும் மேலானது பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள். அன்றைக்கு இருந்த முறைகள் குட்டைக் குட்டைத் துண்டுகளாகத்தான் படித்தன. ஒரே மாதிரி இருக்கும் துண்டுகளில் எது எங்கே போகும் என்று சொல்ல வழியில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. யாரும் பெரிதாகப் பணம் போடாத ஒரு பயிருக்கு அந்த வேலை ஒரு பெரிய தாவல். மற்ற பயிர்களிலும் இதே கதைதான்: சோயாவுக்கு வில்லியம்ஸ் 82, கொண்டைக்கடலைக்கு சி.டி.சி. ஃப்ரான்டியர் என்ற கனடா நாட்டுக் காபூலி ரகம், பட்டாணிக்கு கேமியோர். பயிருக்கு ஒரு ரகம், அதுவே ரெஃபரன்ஸ்.

எங்காவது ஒரு செடியில் தொடங்கித்தானே ஆக வேண்டும். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ரெஃபரன்ஸ் தயாரானதும் மற்ற ரகங்களைப் புதிதாகக் கோப்பதில்லை. அவற்றின் துண்டுகளை எடுத்து ரெஃபரன்ஸின் மேல் பொருத்திவிட்டு, எங்கெங்கே எழுத்து மாறுகிறது என்று குறித்துக்கொள்கிறோம். ஒரு நூலின் ஒரு பதிப்பை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, வேறு பதிப்பின் கிழிந்த தாள்களை அதன் மேல் பொருத்திப் பார்ப்பது மாதிரி. அச்சுப்பிழைகளும் திருத்தங்களும் நன்றாகவே தெரியும். மேசையில் இருக்கும் பதிப்பில் இல்லாத ஓர் அத்தியாயம் அந்தத் தாள்களில் இருந்தால்? அதை வைக்க இடமில்லை. "பொருந்தாதவை" என்று ஒரு கோப்பில் போய் விழும். எங்கள் தொழிலில் அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பவர்களைவிட, கணினி வட்டில் இடம் போதவில்லை என்று அழிப்பவர்களே அதிகம்.

கொண்டைக்கடலையில் 2021-இல் வெளியான பெரிய ஆய்வு 3,366 செடிகளைப் படித்தது. 3,171 சாகுபடி ரகங்கள், 195 காட்டினங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பயிரின் மொத்த மரபணுப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள், பான்ஜீனோம் என்பார்கள். அதில் 29,870 மரபணுக்கள். அவற்றில் 1,582 அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. அவற்றில் பலவும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆளாளுக்குப் படித்துக் குவித்த தரவிலேயே இருந்திருக்கும், உட்கார இடமில்லாமல்.

கொண்டைக்கடலையைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல்வகைமை எப்படிச் சுருங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பயிர் எனக்குத் தெரியாது. அதன் காட்டு மூதாதை, சைசர் ரெடிகுலேட்டம், தென்கிழக்குத் துருக்கியில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே வளர்கிறது. ஆரம்பமே குறுகல். அதிலிருந்து சில செடிகளை எடுத்து மனிதன் பயிராக்கியபோது இன்னொரு குறுகல். மூன்றாவது விசித்திரமானது. காட்டுச் செடி இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர்காலம் முழுக்க இருந்து, வசந்தத்தில் காய்க்கும். மழைக்காலத்தில் கருகல் நோய் வந்து வயலையே அழித்துவிடும் என்பதால், பழங்கால உழவர்கள் விதைப்பை வசந்தத்துக்குத் தள்ளினார்கள். குளிர் பட்டால்தான் பூப்பேன் என்ற செடிகளுக்கு அங்கே வேலையில்லாமல் போனது. பயிர் மழைப்பருவத்தை விட்டு, மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் வளரும் பயிராக மாறியது. நான்காவது குறுகல் நம் காலத்தது: நாட்டு ரகங்களின் இடத்தை ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட ஒன்றிரண்டு ரகங்கள் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் மேல், விதைகளைக் குளிரில் காக்கும் உலகத்து மரபணு வங்கிகளில் சைசர் ரெடிகுலேட்டத்தின் தனித்தனிச் சேகரிப்புகள் (தனி எண் போட்டு வைத்த விதை மாதிரிகள்) நீண்ட காலம் இருபதைக்கூடத் தாண்டவில்லை. அதே விதைகளைத்தான் வங்கிக்கு வங்கி அனுப்பிப் புது எண் போட்டு வைத்திருந்தார்கள். பட்டியலைப் பார்த்தால் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். 2010-களில் துருக்கி மலைகளுக்குப் போய் மண், உயரம், காலநிலை எல்லாம் குறித்துக்கொண்டு முறையாகச் சேகரித்த பிறகுதான் நிலைமை மாறியது.

திரையில் ஒரு மேடு

என் யோசனை திசை திரும்பியது சோயாவில். சோயாவின் பெரும்பகை முட்டைக்கூடு நூற்புழு. கண்ணுக்கு எட்டும் எட்டாத அளவில் இருக்கும் புழு, வேரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். பெண்புழு செத்ததும் அதன் உடலே தடித்த கூடாகி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளை வைத்துக்கொண்டு மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இலை மஞ்சளாவதற்கு முன்பே விளைச்சல் விழுந்துவிடும் என்பதால், வயலைப் பார்த்து யாரும் எளிதில் சொல்லவும் முடியாது. இதைத் தாங்கும் சோயா ரகங்களில் முக்கியமானது பி.ஐ. 88788 என்ற எண் மட்டுமே பெயராக உள்ள ஒரு சேகரிப்பு. தாங்கும் திறன் 18-ஆவது குரோமோசோமில் ஆர்.ஹெச்.ஜி.1 என்ற இடத்தில் இருக்கிறது. 2012-இல் வெளியான ஆய்வு அங்கே என்ன நடக்கிறது என்று காட்டியது. புதிய மரபணு எதுவும் அங்கே இல்லை. எல்லாச் சோயாவிலும் இருக்கும் ஒரு துண்டு, ஏறக்குறைய 31,000 எழுத்து நீளம், வில்லியம்ஸ் 82-இல் ஒருமுறை வருகிறது. பி.ஐ. 88788-இலிருந்து வந்த செடிகளில் அதே துண்டு அடுத்தடுத்துப் பத்துமுறை வருகிறது. துண்டுக்குள் இருக்கும் மூன்று மரபணுக்களும் சேர்ந்து கூடுதலாக வேலை செய்தால்தான் புழு தடுக்கப்படுகிறது. தனியாக எதை ஏற்றினாலும் போதவில்லை.

இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஒரு ஜூனியருக்கு ஜீனோம் பார்வை மென்பொருளைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. பாடம் சுவாரசியமாக இருக்கட்டும் என்று, பொதுவில் கிடைக்கும் பி.ஐ. 88788 தரவை வில்லியம்ஸ் 82-இன் மேல் பொருத்தித் திறந்து வைத்தேன். திரையில் மேலே ரெஃபரன்ஸ் கோடு, அதன் கீழே சாம்பல் நிறப் பட்டைகளாகத் துண்டுகள். சாதாரண இடங்களில் அவை ஒன்றின்மேல் ஒன்றாகச் சில வரிசைகள் அடுக்கியிருக்கும், அவ்வளவுதான். 18-ஆவது குரோமோசோமில் வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனோம். சமதளம், சமதளம், சட்டென்று செங்குத்தாக ஒரு மேடு. சாம்பல் பட்டைகள் திரைக்குள் அடங்கவில்லை, கீழே உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. அதே உயரத்தில் 31,000 எழுத்து தூரம் போய், ஏறியதுபோலவே ஒரே வெட்டாகப் பழைய மட்டத்துக்கு இறங்கியது. பத்துப் பிரதிகளிலிருந்து வந்த துண்டுகள், ரெஃபரன்ஸில் ஒரே இடம்தான் இருப்பதால், அத்தனையும் அங்கேயே வந்து குவிந்திருந்தன. மேட்டின் ஓரத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் சில துண்டுகளின் பாதி உடல் பொருந்தி, மீதிப் பாதி வண்ண வண்ண எழுத்துகளாகத் துருத்திக்கொண்டு நின்றது. ஒரு பிரதியின் முடிவும் அடுத்த பிரதியின் தொடக்கமும் ஒட்டும் இடம் அது.

"அண்ணா, இது ஏதோ ஆர்ட்டிஃபாக்ட், பொய்த்தடம் மாதிரி இருக்கே. ஃபில்டர்ல தூக்கிடலாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நல்ல மாணவர் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. அடுத்ததாக அதே சேகரிப்பின் வேறுபாட்டுப் பட்டியலைத் திறந்தோம். தரவுத்தளங்களில் பெரும்பாலும் சேமித்து வைத்திருப்பதும், எல்லோரும் இறக்கிப் பயன்படுத்துவதும் அந்தப் பட்டியலைத்தான். மேடு இருந்த இடத்தில் அங்கே வெறுமை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இயல்பைவிட மிக அதிகமாகத் துண்டுகள் குவிந்த இடங்களைப் பொருத்தப் பிழை என்று ஒரு வடிகட்டி நீக்கியிருந்தது. சோயா தன்மகரந்தச் சேர்க்கைச் செடி, அதன் ஒவ்வொரு குரோமோசோம் ஜோடியிலும் இரண்டிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும். இங்கே பத்துப் பிரதிகளும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல இல்லாததால் இரண்டு எழுத்துகள் கலந்து தெரிந்தன, அதையும் பிழை என்று இன்னொரு வடிகட்டி நீக்கியிருந்தது. இரண்டுமே நியாயமான விதிகள். நானும் அதே அளவுகளைத்தான் வைப்பேன்.

அப்போதுதான் பெரியவருக்கான பதில் கிடைத்தது. பி.ஐ. 88788 என்ற பெயரில் அங்கே கிடந்தது, வில்லியம்ஸ் 82-இலிருந்து எங்கெங்கே ஓரெழுத்து மாறுகிறது என்ற கணக்கு மட்டும், அதிலும் சந்தேகமானதை எல்லாம் கழித்தது. அவர் சொல்லும் கருவி நாளைக்கே வந்து, அந்தப் பட்டியலைக் கொடுத்து ஒரு செடியை உருவாக்கினால் அழகாக முளைக்கும், பூக்கும், காய்க்கும். நூற்புழு உள்ள மண்ணில் வைத்தால் தோற்றுப்போகும். எந்த ஒரு காரணத்துக்காக அந்த விதையை உலகம் தேடிப் போனதோ அந்தக் காரணம் மட்டும் அதில் இருக்காது. நாம் சேமித்து வைத்திருப்பது நம் வாசிப்பை. அந்தந்தக் காலத்தில் எது பிழை, எது குப்பை, எது தேவையில்லை என்று நினைத்தோமோ அதைக் கழித்த வாசிப்பு. விதை கையில் இருந்தால் அடுத்த தலைமுறைக் கருவியில் திரும்பப் படித்துக்கொள்ளலாம். பழைய பட்டியலைத் திரும்பப் படித்தால் பழைய பட்டியல்தான் கிடைக்கும்.

இப்போது நீளமான துண்டுகளாகப் படிக்கும் முறைகள் வந்துவிட்டன, இந்த மேடு பத்துப் பிரதிகளாகத் தெளிவாகப் பிரிந்துவிடும், பிரச்சினை தீர்ந்ததே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். இந்த மேடு தீர்ந்தது, சரி. கலப்பினத் துவரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.பி.ஹெச். 2671 போன்ற கலப்பினங்களை உருவாக்க முடிந்ததற்கு ஆதாரம், கஜானஸ் கஜானிஃபோலியஸ் என்ற காட்டு உறவினத்தின் சைட்டோபிளாசம், அதாவது செல்லில் உட்கருவுக்கு வெளியே இருக்கும் பகுதி. அது துவரைக்குள் வந்தால் மகரந்தம் மலடாகிறது. பெண்செடியாக வைத்துக் கலப்பு விதை எடுக்கலாம். அந்தக் குணம் இருப்பது உட்கருவின் குரோமோசோம்களில் இல்லை, தனக்கென்று டி.என்.ஏ. வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில். வேறுபாட்டுப் பட்டியல் எடுக்கும்போது மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகளை முதல் வேலையாக ஒதுக்குவது எங்கள் வழக்கம். இன்று எதை ஒதுக்குகிறோம் என்பது இன்னும் இருபது வருஷம் கழித்து ஒரு ஜூனியர் கேட்கும்போதுதான் தெரியவரும்.

1930-இல் இல்லாத கேள்வி

பி.ஐ. 88788 சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது 1930 வாக்கில். அமெரிக்க மண்ணில் சோயா நூற்புழு முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1954-இல். நடுவில் இருக்கும் அந்தக் காலத்தில் இந்த விதைக்கு என்ன மதிப்பு? ஒன்றுமில்லை. கறுப்பு விதை, விளைச்சலில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. அன்றைக்கே ஜீனோமைப் படிக்க முடிந்திருந்தால்கூட, 31,000 எழுத்துத் துண்டு பத்துமுறை வருவதைப் பார்த்து இது எதற்கு என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. கேள்வியே அப்போது பிறக்கவில்லை. புழு நிறைந்த மண்ணில் சேகரிப்புகளை வரிசையாக விதைத்து, வேரைக் கழுவி, ஒட்டியிருக்கும் கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணியவர்கள்தான் அந்த எண்ணுக்கு மதிப்பைக் கொடுத்தார்கள். ஜீனோம் ஆய்வு பிறகு வந்து காரணத்தைச் சொன்னது.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. அந்த ஒரு மூலம் நன்றாக வேலை செய்ததால் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் நூற்புழு தாங்கும் ரகங்கள் என்று விற்பவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுக்கு பி.ஐ. 88788 வழி வந்தவை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த புழுக்கள் அதைத் திறக்கக் கற்றுக்கொண்டன. இன்று பல வயல்களில் அந்த ரகங்களின் வேரிலும் அவை பெருகுகின்றன. பீக்கிங் என்ற இன்னொரு மூலத்தை நோக்கி நகரச் சொல்லி உழவர்களுக்கு அறிவுரை போகிறது. பீக்கிங்கில் அதே துண்டு மூன்று பிரதிதான், தடுக்கும் விதமும் வேறு. அதுவும் ஒரு பழைய சேகரிப்புதான். வங்கியில் கிடந்ததால் கிடைத்தது.

பட்டாணியையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. மெண்டல் பட்டாணியில் தான் ஆராய்ந்த ஏழு குணங்களை எழுதி வெளியிட்டது 1866-இல். சுருங்கிய விதைக்குக் காரணமான மரபணு 1990-இல் பிடிபட்டது: மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் நொதியின் மரபணுவுக்குள் ஏறக்குறைய 800 எழுத்து நீளமுள்ள ஒரு தாவும் துண்டு வந்து உட்கார்ந்திருந்தது. பட்டாணி ஜீனோம் மனித ஜீனோமைவிடப் பெரியது, 445 கோடி எழுத்து, அதில் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை. 2019-இல்தான் வெளியானது. அது வந்தும்கூட ஏழில் மூன்று குணங்களுக்கு விடை இல்லை. இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் ஆராய்ச்சி மையத்தின் தொகுப்பிலிருந்து ஏறக்குறைய 700 பட்டாணிகளைப் படித்து, கூடவே வயலிலும் வளர்த்து, காயின் நிறம், காயின் வடிவம், பூ நிற்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துப் பொருத்திப் பார்த்த பிறகு 2025-இல் விடை வந்தது. எழுத்து மட்டும் கையில் இருந்து செடி இல்லாமல் போயிருந்தால் அந்த மூன்றும் இன்னும் புதிராகத்தான் இருந்திருக்கும்.

எழுத்து மட்டுமே சொல்லக்கூடியது

இவ்வளவு சொல்லிவிட்டு, ஜீனோம் வேலையை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சோறு போடுவது அதுதான். நிலக்கடலையில் அது செய்ததை வேறு எதாலும் செய்திருக்க முடியாது. நிலக்கடலை பிறந்ததே ஒரு விபத்து. தென் அமெரிக்காவில் அராகிஸ் டியூரனென்சிஸ், அராகிஸ் இபாயென்சிஸ் என்ற இரண்டு காட்டினங்கள் கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்து, நாற்பது குரோமோசோம் கொண்ட புதுச் செடி ஒன்று வந்தது. இருபது குரோமோசோம் கொண்ட உறவுக்காரச் செடிகளோடு அதனால் இயல்பாகக் கலக்க முடியாது. வாசல் மூடிவிட்டது. இன்று உலகம் முழுக்க விளையும் நிலக்கடலை எல்லாம் அந்தக் குறுகிய வம்சம். 2016-இல் இரண்டு பெற்றோரின் ஜீனோமையும் படித்தபோது, பொலிவியாவில் எடுத்த இபாயென்சிஸின் வரிசை, நிலக்கடலையில் இருக்கும் அதன் பாதியோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போனது. மனிதர்கள் விதையை எடுத்துக்கொண்டு இடம் மாறியதன் தடம் அது என்று கணித்தார்கள்.

இத்தனை குறுகிய பயிருக்குத் துரு நோயும் இலைப்புள்ளியும் வந்தால் எங்கே போவது? காட்டுக்குத்தான். அராகிஸ் கார்டெனாசி என்ற பொலிவியக் காட்டினத்தை 1960-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் பெரும்பாடு பட்டு நிலக்கடலையோடு சேர்த்தார்கள். அந்தக் கலப்பின் சந்ததி விதைகள் ஐதராபாத் அருகே உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டுக்குப் போயின. அங்கிருந்து நாடு நாடாக, ஆய்வாளர் கை மாறி ஆய்வாளர் கைக்குப் போய், எந்தப் பதிவேட்டிலும் முழுசாக இல்லாத ஒரு பயணம். 2021-இல் வெளியான ஆய்வு நிலக்கடலை ரகங்களின் ஜீனோமில் கார்டெனாசியின் துண்டுகளைத் தேடியது. அவற்றின் வழிவந்த ரகங்கள் 30 நாடுகளில் இருந்தன. காகிதத்தில் தொலைந்த வரலாற்றை எழுத்துகள் காட்டிக்கொடுத்தன. விதை கட்டுப்பாடில்லாமல் கை மாறிய ஒரு காலம் இருந்ததால்தான் அது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயிர் விதைகளை நாடுகள் எளிதாகப் பகிர்ந்துகொள்ள 2001-இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பயிர்ப் பட்டியலில் கொண்டைக்கடலை உண்டு, பட்டாணி உண்டு, துவரை உண்டு. நிலக்கடலையும் சோயாவும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. பேச்சுவார்த்தையில் யார் எதற்காக விட்டுக்கொடுக்கவில்லை என்பது அரசியல். தாவர இனவிருத்திக்காரர்களுக்கு அது எரிச்சல்.

வங்கிகளுக்கும் நான் புகழ்மாலை பாடப் போவதில்லை. விதை மைனஸ் 18 டிகிரியிலும் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டுதான் இருக்கும். முளைப்புத்திறன் விழுந்தால் எடுத்து விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாட்டு ரகத்துக்குள் இருக்கும் கலவை கொஞ்சம் சுருங்கும். அந்த ஆண்டு அந்த வயலில் எது தாக்குப்பிடித்ததோ அதன் விதைதான் அடுத்த டப்பாவுக்குப் போகும். ஒரே விதை நாலு எண்ணில் இருக்கும், நாலு விதை ஒரே எண்ணில் இருக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுப்பதும் ஜீனோம் வேலைதான்.

ஆனாலும் அலெப்போ. சிரியாவில் அலெப்போ அருகே டெல் ஹத்யாவில் இருந்த, வறண்ட நிலங்களுக்கான சர்வதேச வேளாண் ஆராய்ச்சி மையமான இக்கார்டாவின் மரபணு வங்கியில் கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, ஃபாபா பீன்ஸ் என்ற அவரை வகை, கேசரிப் பருப்பு எல்லாவற்றுக்கும் உலகின் முக்கியமான தொகுப்புகள் இருந்தன. போர் வந்தது. விதைகளின் நகல்களை முன்கூட்டியே நார்வேயின் வடகோடித் தீவான ஸ்வால்பார்டின் பனிக்கிடங்குக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். 2008-இல் திறந்த அந்தக் கிடங்கிலிருந்து முதன்முதலாக விதை திரும்ப எடுக்கப்பட்டது 2015-இல், அதை எடுத்தது இக்கார்டா. ஏறக்குறைய 38,000 மாதிரிகள். லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-இலிருந்து மறுபடி ஸ்வால்பார்டுக்கு நகல் அனுப்பத் தொடங்கினார்கள்.

அந்தப் பட்டியலில் இருக்கும் ஃபாபா பீன்ஸ்தான் இப்போதெல்லாம் என் மனதை அரிக்கிறது. 2023-இல் வெளியான அதன் ஜீனோம் ஏறக்குறைய 1,300 கோடி எழுத்து. மனிதனைப்போல நாலு மடங்கு, ஆறே ஜோடி குரோமோசோம்களில். அதன் காட்டு மூதாதையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நெருங்கிய உறவினங்கள் எதோடும் அதைக் கலக்க முடிவதில்லை. துவரைக்கும் நிலக்கடலைக்கும் இருந்ததுபோலக் காட்டுக்குப் போய்க் கைநீட்ட வழியே கிடையாது. நாட்டு ரக விதைகளுக்குள் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுவே மொத்தச் சொத்து. போதாததற்குத் தேனீக்கள் வந்து மகரந்தம் கலக்கும் பயிர். ஒவ்வொரு சேகரிப்பையும் வலைக்கூண்டுக்குள் தனியாக வளர்த்தால்தான் அது அதுவாக இருக்கும், செலவு எகிறும். அதன் விதையில் விசின், கான்விசின் என்று இரண்டு பொருள்கள் உண்டு. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, உலகில் நாற்பது கோடிப் பேர் அளவில் இருக்கிறார்கள், அவை சிவப்பணுக்களைச் சிதைத்து ஆபத்தில் தள்ளும். இவை மிகக் குறைவாக உள்ள ரகங்கள் இப்போது சாகுபடியில் இருக்கின்றன. காரணமான மரபணுவும் 2021-இல் தெரிந்துவிட்டது: இரண்டே எழுத்து கூடுதலாக நுழைந்து மரபணுவைக் கெடுத்திருக்கிறது. அந்தக் குணம் அத்தனை ரகங்களுக்கும் வந்தது ஒரே ஒரு மூலத்திலிருந்து. ஜீனோமெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்பே, 1980-களில், சேகரிப்பு விதைகளை அரைத்து விசின் அளவைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களின் கையில் கிடைத்தது. இரண்டாவது மூலம் ஒன்று எங்காவது ஒரு டப்பாவில் இருக்கலாம். வலைக்கூண்டுக்குப் பணம் ஒதுக்கும் குழுவில் நான் இல்லை. இருப்பவர்களில் யாராவது இதைப் படித்தால், அடுத்த ஜீனோம் வரிசைப்படுத்தல் திட்டத்துக்கு ஒப்புதல் தரும்போது பக்கத்திலேயே கூண்டுக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.